செம்பு உடுத்திய கப்பல்கள்

உல்லாசப் படகுகளுக்கு வினைல் படலம் ஒட்டுவது இன்று ஒரு தனித்தொழிலாகவே வளர்ந்துவிட்டது. படகின் பக்கங்களில் படிந்திருக்கும் பழைய மெழுகையும் எண்ணெய்ப் பிசுக்கையும் முதலில் துடைத்தெடுக்கிறார்கள். பிறகு தலைமுடியின் தடிமனே கொண்ட படலத்தை விரித்து, வெப்பக்காற்றால் இளக்கி, காற்றுக்குமிழி தங்காதபடி தட்டைத் துண்டால் தேய்த்துப் படிய வைக்கிறார்கள். இத்தொழிலில் மீறக்கூடாத விதிகள் இரண்டு உண்டு. இரு துண்டுகள் சேருமிடத்தில் முன்துண்டின் ஓரம் பின்துண்டின் மேல் படிந்திருக்க வேண்டும். அப்போதுதான் எதிர்த்துவரும் நீர் விளிம்பைப் பற்றிக் கிளப்பாது. அடுத்தது, படலம் நீர்மட்டக் கோட்டுக்கு மேலேயே நின்றுவிட வேண்டும். ஓயாமல் நீரில் அமிழ்ந்திருக்கும் பகுதியில் சாதாரணப் படலத்தின் பசை நெடுநாள் தாங்குவதில்லை.

முதல் விதி இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே ஆங்கிலேயக் கப்பல் கட்டுந்துறைகளில் நடைமுறையில் இருந்தது என்றால் வாசகர்கள் வியக்கக்கூடும். அவர்கள் கப்பலுக்கு உடுத்தியது செம்பு. இரண்டாவது விதியோ அவர்களுக்கு நேரெதிர். நீர்மட்டத்துக்குக் கீழே, கண்ணுக்குத் தெரியாத பகுதியில்தான் அவர்களுடைய வேலை முழுவதும் நடந்தது. அழகுக்காக உடுத்திய ஆடையன்று அது; ஒரு புழுவுக்கு அஞ்சி உடுத்தியது.

புழு என்று பெயரே ஒழிய, உயிரியல் முறைப்படி அது சிப்பி இனத்தைச் சேர்ந்தது. உடல் முழுவதையும் மூடவேண்டிய ஓடு இரண்டு சிறு சில்லுகளாகச் சுருங்கித் தலைப்பக்கத்தில் நின்றுவிட, அந்தச் சில்லுகளையே அரமாகக் கொண்டு மரத்தைக் குடைந்து செல்லும் உயிர் இது. டெரிடோ என்பது அதன் அறிவியல் பெயர். நுழையும்போது குண்டூசித் தலையளவு துளைதான். உள்ளே சென்று வளர்ந்தபின் விரல் தடிமனுக்குச் சுரங்கம் வெட்டும். ஆதலால் வெளியே நின்று பார்ப்பவருக்குப் பலகை பழுதின்றியே தோன்றும். அமுக்கிப் பார்த்தால் உள்ளே தேன்கூடுபோல் பொத்தலாயிருக்கும். வெப்பக் கடல்களில் இதன் பெருக்கம் அதிகம். கொலம்பஸின் நான்காம் பயணத்தில் புழு அரித்த கப்பல்கள் மேற்கொண்டு மிதக்க மாட்டாமற் போக, 1503-இல் ஜமைக்காக் கரையில் அவற்றைத் தரைதட்ட விட்டு, ஏறக்குறைய ஓராண்டு மீட்புக்காக அவர் காத்துக்கிடக்க நேர்ந்தது. 1730களில் ஹாலந்தின் கடலணைகளைத் தாங்கிய மரங்களையும் இதே உயிர் தின்று, ஒரு நாட்டையே கலங்கடித்தது.

மற்றோர் எதிரிக்குப் பல்லில்லை. பாசியும், பார்னக்கிள் என்னும் ஓடுடைய சிற்றுயிர்களும் கப்பலின் அடியில் ஒட்டிக்கொண்டு வளரும். அவை மரத்தைத் தின்பதில்லை. கப்பலின் வேகத்தைத் தின்னும். சில மாதக் கடல்வாசத்திலேயே கப்பல் தாடி வளர்த்த சாமியாரைப்போல் அசையும். அதைக் கரைக்கு இழுத்துச் சாய்த்து, அடியைச் சுரண்டி, தீயால் வாட்டித் துப்புரவு செய்தாக வேண்டும். போர்க்காலத்தில் இவ்வாறு கரையேறிக் கிடக்கும் கப்பல்கள் இல்லாத கப்பல்களுக்குச் சமம்.

இவ்விரண்டையும் தடுக்க மாந்தர் பூசிப் பார்க்காத பொருளில்லை. ஹோர்முஸ் துறையில் தென்னை நாரால் தைத்த கப்பல்களுக்கு மீனெண்ணெய் பூசியதையும், சீனக் கப்பல்களுக்குச் சுண்ணாம்பும் நறுக்கிய சணலும் மர எண்ணெயும் கலந்து பூசியதையும் மார்க்கோ போலோ எழுதிவைத்திருக்கிறார். கிரேக்கரும் உரோமரும் ஈயத்தகடு போர்த்தினர். சைப்ரசின் கைரீனியாவுக்கு அருகே கடலடியிலிருந்து எடுக்கப்பட்ட, கி.மு. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வணிகக் கப்பலில் ஈயப் போர்வை இருந்தது. பேரரசன் கலிகுலா நேமி ஏரியில் மிதக்கவிட்ட மாபெரும் கப்பல்களுக்கும் ஈயம் போர்த்தியிருந்தார்கள். நன்னீர் ஏரியில் அந்தப் புழு ஏது என்று கேட்கத் தோன்றுகிறது. அரசனின் கப்பல் என்பதால் குறை வைக்கக் கூடாது என்று நினைத்தார்கள் போலும்.

ஆங்கிலேயர் மலிவான வழியொன்றைப் பின்பற்றினர். கப்பலின் பலகைகள்மேல் கீலும் மயிரும் அப்பி, அதன்மேல் மெல்லிய பலகைகளை இன்னோர் அடுக்காக அறைந்தனர். புழு வெளியடுக்கைத் தின்று தீர்ப்பதற்குள் கப்பல் ஊர் திரும்பிவிட வேண்டும். பிறகு அந்த அடுக்கைப் பெயர்த்தெறிந்து புதிதாக அறைய வேண்டும். இரண்டாம் சார்ல்ஸ் காலத்தில், 1670களில், ஈயத்தகட்டையும் பயன்படுத்திப் பார்த்தனர். ஏறத்தாழ இருபது கப்பல்களுக்கு ஈயம் போர்த்தினர். சில ஆண்டுகளிலேயே புகார்கள் வரத் தொடங்கின. சுக்கானைத் தாங்கும் இரும்புகள் காரணமின்றி அரித்துப்போகின்றன என்றார்கள் மாலுமிகள். ஈயம் விற்றவர்கள் மறுத்தார்கள். வழக்கு நீண்டு, ஈயம் கைவிடப்பட்டது. ஏன் அரித்தது என்ற கேள்வியும் அத்தோடு கைவிடப்பட்டது. அந்தக் கேள்வியை அப்போதே விடாப்பிடியாகத் தொடர்ந்திருந்தால் பின்னால் வந்த எத்தனையோ இழப்புகள் நேராதிருந்திருக்கலாம்.

1761-இல் 32 பீரங்கிகள் கொண்ட அலார்ம் என்னும் போர்க்கப்பலுக்குச் செம்புத்தகடு போர்த்தி மேற்கிந்தியத் தீவுகளுக்கு அனுப்பினர். 1763-இல் அது திரும்பியது. கப்பலைத் தூக்கிப் பார்த்த துறைமுக அதிகாரிகளுக்கு முதலில் மகிழ்ச்சியே. புழு அண்டவில்லை. பாசியும் ஏறக்குறைய இல்லை. செம்பு இருந்த இடமெல்லாம் அடிப்பகுதி துப்புரவாக இருந்தது. பிறகுதான் ஆணிகளைப் பார்த்தார்கள். கப்பலைப் பிணைத்திருந்த இரும்புகளும் சுக்கானைத் தாங்கிய இரும்புகளும், செம்பைத் தொட்டுக்கொண்டிருந்த இடங்களில், கையால் உதிர்க்கும் அளவுக்கு அரித்துப்போயிருந்தன.

அந்த ஆய்வறிக்கையில் ஒரு சிறு செய்தி இருக்கிறது. செம்புத்தகடுகள் பழுப்புத் தாளில் சுற்றி வந்திருந்தன. தகடு அறைந்தவர்கள் சில இடங்களில் அந்தத் தாளைக் கிழித்தெறியாமல் அப்படியே வைத்து அறைந்துவிட்டார்கள். ஒருவகையில் சோம்பல்தான். ஆனால் அந்தத் தாள் எஞ்சியிருந்த இடங்களிலெல்லாம் இரும்பு கெடவில்லை. அதிகாரிகள் இதையும் கவனித்து எழுதினார்கள். செம்பும் இரும்பும் நேராகத் தொடக்கூடாது என்ற முடிவையும் எழுதினார்கள். வோல்ட்டா தம் மின்கலத்தை உலகுக்கு அறிவித்தது 1800-இல். இரு உலோகங்கள் உப்புநீரில் தொட்டுக்கொண்டால் மின்னோட்டம் எழும் என்பதும், அவற்றுள் ஒன்று கரைந்து மற்றொன்றைக் காக்கும் என்பதும் அதற்குப் பின்னரே தெளிவாயின. அவர்களிடம் காரணம் இல்லை, கண் இருந்தது. ஒரு வேலையாள் எடுக்க மறந்த தாள்துண்டு, வந்துசேரவிருந்த அறிவியலுக்கு நாற்பதாண்டு முன்னதாகவே சாட்சி சொல்லியது.

அடுத்து டால்ஃபின் என்னும் கப்பல் 1764-இல் செம்பு உடுத்திப் புறப்பட்டது. பைரன், வாலிஸ் என்ற இரு தலைவர்களின் கீழ் இருமுறை உலகைச் சுற்றிவந்தது. தகிட்டித் தீவை ஐரோப்பியர் கண்டறிந்ததும் இக்கப்பலில் சென்றபோதுதான். ஆயினும் கடற்படை தயங்கியது. செம்பு விலை மிகுந்தது. ஆணிச் சிக்கலும் தீரவில்லை. 1768-இல் புறப்பட்ட குக்கின் எண்டெவர் கப்பலுக்கு அந்தப் பழைய பலகைப் போர்வையே கிடைத்தது.

தயக்கத்தை உடைத்தது போர். அமெரிக்கக் குடியேற்றங்களின் விடுதலைப் போரில் 1778-இல் பிரான்சும் 1779-இல் ஸ்பெயினும் சேர்ந்துகொள்ள, பிரித்தானியக் கடற்படை எண்ணிக்கையில் தாழ்ந்தது. புதிய கப்பல்கள் கட்டக் காலமில்லை. இருக்கும் கப்பல்களை வேகமுடையனவாக்கி, கரையில் கிடக்கும் நாள்களைக் குறைப்பதுதான் ஒரே வழி என்று கண்டவர் கடற்படைக் கணக்காய்வுத் தலைவராகப் பொறுப்பேற்றிருந்த சார்ல்ஸ் மிடில்டன். மன்னர் மூன்றாம் ஜார்ஜை இணங்கவைக்க அவர் கொண்டுபோனது பெல்லோனா என்ற கப்பலின் சிறு மாதிரி. அதன் அடியில் செம்புத்தகடுகள் தெரியும்படி செய்திருந்தார்கள். அந்த மாதிரி இன்றும் கிரீனிச்சில் உள்ள தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அரசனுக்கு முன்னால் அறிக்கையை நீட்டுவதைவிடப் பொம்மையை நீட்டுவது பயனளிக்கும் என்று அறிந்திருந்த அந்த அதிகாரியின் உலகியல் அறிவை மெச்சத்தான் வேண்டும்.

அலார்ம் கப்பலின் தாளை மிடில்டன் மறக்கவில்லை. ஆணித்தலைகளின் மேல் கீல் கலவை பூசி, அதன்மேல் தடித்த தாள் விரித்து, அதற்கும் மேல்தான் செம்பு அறைய வேண்டும் என்று முறை வகுத்தார். தகடு ஒவ்வொன்றும் 4 அடி நீளமும் 14 அங்குலம் அளவில் அகலமும் உடையது. முன் தகட்டின் ஓரம் பின் தகட்டின்மேல் படியுமாறு, மீனின் செதில்போல் அடுக்கி, செம்பாணியால் அறைவார்கள். 1780-இல் விக்டரி கப்பலுக்கு மட்டும் 3,923 தகடுகள் ஆயின. கர்ணனுக்குக் கவசம் உடலோடு பிறந்தது. இக்கப்பல்களுக்கு அது ஆயிரக்கணக்கான ஆணிகளால் பூட்டப்பட்டது. மூன்றாண்டுகளுக்குள் முந்நூற்றுக்கும் மேற்பட்ட போர்க்கப்பல்கள் செம்பு உடுத்தன.

பலன் உடனே தெரிந்தது. 1780 சனவரியில் போர்த்துக்கல் கரைக்கருகே, நிலவொளியில் தப்பியோடிய ஸ்பானியக் கப்பல்களை அட்மிரல் ரோட்னியின் செம்படிக் கப்பல்கள் துரத்திப் பிடித்தன. கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்களும் செம்பு உடுத்தின. நம் சென்னைக் கடற்கரையில் துறைமுகம் ஏதுமின்றித் திறந்த கடலில் நங்கூரமிட்டுக் கிடந்த கம்பெனிக் கப்பல்களின் அடியில் 1780களுக்குப் பின் பளபளத்தது இந்தச் செம்புதான். ஒரு கப்பலின் ஆயுளுக்கு இத்தனை பயணங்கள்தாம் என்று கம்பெனி வைத்திருந்த வரம்பும் செம்பால் உயர்ந்தது. இன்னொரு வணிகமும் செம்பை விரைந்து ஏற்றது. அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. ஆப்பிரிக்க மக்களை அடிமைகளாக ஏற்றிச்சென்ற லிவர்ப்பூல் கப்பல்கள் முதல் வரிசையில் நின்று செம்பு உடுத்தின. வெப்பக் கடற்கரையில் மாதக்கணக்கில் காத்துநிற்கும் கப்பல்கள் அவை. புழுவின் அச்சம் அவற்றுக்கே மிகுதி. பயணம் சுருங்கினால் 'சரக்கு' கெடாது என்பது முதலாளிகளின் கணக்கு. வேகமான கப்பல்களில் இறந்தவர் தொகை குறைந்தது. ஆகவே விற்கப்பட்டவர் தொகை கூடியது. இதை முன்னேற்றம் என்று எழுத நமக்குக் கை வரவில்லை.

1782 ஆகஸ்ட் 29 அன்று போர்ட்ஸ்மத்துக்கு அருகே நங்கூரமிட்டிருந்த ராயல் ஜார்ஜ் என்னும் நூறு பீரங்கிக் கப்பலை, நீர்மட்டத்துக்குக் கீழிருந்த சிறு பழுதைச் சரிசெய்வதற்காகச் சற்றே சாய்த்து வைத்திருந்தார்கள். காற்றுமில்லை, எதிரியுமில்லை. கரையிலிருந்து வந்த மனைவியரும் குழந்தைகளும் வணிகர்களும் கப்பலில் நிறைந்திருந்தனர். சில நிமிடங்களில் கப்பல் நீர் புகுந்து மூழ்கியது. அட்மிரல் கெம்பன்ஃபெல்ட் உட்பட எண்ணூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கப்பலின் சட்டம் உளுத்திருந்ததால் அதன் முக்கியப் பகுதியொன்று இற்றுவிட்டது என்பது படைநீதிமன்றத்தின் முடிவு. அந்தக் கப்பலும் இரண்டாண்டுக்கு முன் செம்பு உடுத்தியதுதான். அடுத்த மாதமே அட்லாண்டிக்கில் வீசிய பெரும் புயலில், ஜமைக்காவிலிருந்து திரும்பிய தொகுதியின் போர்க்கப்பல்கள் பல மூழ்கின; மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

ராயல் ஜார்ஜின் சாவைச் செம்பின் தலையில் கட்டிவிட நாம் துணியவில்லை. உளுத்த மரத்துக்கும், அளவு மீறிச் சாய்த்த கைகளுக்கும் அதில் பங்குண்டு. புயலுக்கு எந்த உலோகமும் பொறுப்பில்லை. ஆனால் போர் முடிந்து கப்பல்களைத் தூக்கிப் பார்த்தபோது மிடில்டனின் தாளும் கீலும் பல கப்பல்களில் தோற்றிருந்தது தெரியவந்தது. கடல்நீர் தகட்டுக்குப் பின்னால் கசிந்து இரும்பைத் தொட்டிருந்தது. பழைய பலகைப் போர்வையாக இருந்தால் சில ஆண்டுக்கொருமுறை பெயர்க்க வேண்டும். பெயர்க்கும்போதாவது உள்ளிருக்கும் கேடு கண்ணில் படும். செம்போ கெடாமல் மின்னியது. ஆதலால் யாரும் அதைப் பெயர்க்கவில்லை. இரும்பு உள்ளேயே செத்துக்கொண்டிருந்தது. அந்தப் புழு மரத்துக்குச் செய்ததை, புழுவைத் தடுக்க வந்த தகடு ஆணிக்குச் செய்தது.

கப்பலிலிருந்து செம்பையே நீக்கிவிடலாமா என்ற பேச்சு எழுந்த வேளையில், ஆணியை மாற்றலாம் என்ற விடை கிடைத்தது. செம்பு மென்மையானது, பருத்த கருவேலச் சட்டங்களில் அடித்தால் வளைந்துவிடும். அதைக் குளிர்ந்த நிலையிலேயே உருட்டி இறுக்கிக் கெட்டிப்படுத்தும் முறையைப் பர்மிங்காம் பகுதித் தொழில்வல்லார் 1783-இல் காப்புரிமை பெற்றுக் கொணர்ந்தனர். வேல்சின் ஆங்கிள்சி தீவிலுள்ள பாரிஸ் மலைச் செம்புச் சுரங்கங்களைக் கையில் வைத்திருந்த தாமஸ் வில்லியம்ஸ் அதைப் பெருவணிகமாக்கினார். பிரித்தானியக் கடற்படைக்கு விற்ற அவரே அதன் எதிரி நாடுகளுக்கும் விற்றார். கடற்படை கப்பல் கப்பலாக இரும்பாணியைப் பிடுங்கிச் செம்பாணி அடித்தது. அலார்ம் அறிக்கை எழுதப்பட்ட இருபதாவது ஆண்டு அது.

இனிச் செம்பைக் காக்கும் கவலை வந்தது. கடல்நீரில் செம்பும் மெல்லமெல்லக் கரைந்து தேய்கிறது. சில ஆண்டுகளில் தகடு சல்லடையாகிவிடும். செலவைப் பொறுக்கமாட்டாத கடற்படை வாரியம் 1823-இல் ராயல் சொசைட்டியை அணுகியது. அதன் தலைவர் ஹம்ஃப்ரி டேவி பணியைத் தாமே ஏற்றார். மின்சாரத்தால் பொட்டாசியத்தையும் சோடியத்தையும் பிரித்தெடுத்தவர், சுரங்கத் தொழிலாளர்க்குக் காப்புவிளக்கு தந்தவர், ஐரோப்பா முழுதும் புகழ் பெற்றவர். உதவிக்கு இளைஞர் ஃபாரடே இருந்தார்.

டேவிக்கு விடை சில மாதங்களிலேயே கிட்டியது. அலார்ம் கப்பலில் செம்பு இரும்பைத் தின்றதல்லவா? அந்தக் கேட்டையே மருந்தாக்கினார் அவர். செம்பைவிட எளிதில் கரையும் உலோகத்தைச் செம்போடு தொடவைத்தால், அது தன்னைக் கொடுத்துச் செம்பைக் காக்கும். பட்டாணியளவு துத்தநாகம் நாற்பது ஐம்பது சதுர அங்குலச் செம்பைக் காக்கப் போதும் என்று 1824 சனவரியில் ராயல் சொசைட்டியில் அறிவித்தார். காப்புரிமை கேட்கவில்லை. துறைமுகங்களில் தகடுகளைத் தொங்கவிட்டுச் சோதித்தார்கள். செம்பு துளியும் தேயவில்லை. போர்க்கப்பல்களுக்கு வார்ப்பிரும்புக் காப்புத் துண்டுகள் பொருத்தினார்கள். முதலில் சோதிக்கப்பட்டவற்றுள் ஒன்று, நம் கொச்சித் துறையில் தேக்கால் கட்டப்பட்டு 1822-இல் நீரில் இறங்கிய சாமராங்.

கப்பல்கள் கடலுக்குப் போய்த் திரும்பின. டேவி சொன்னபடியே செம்பு தேயாமல் இருந்தது. அதன்மேல் பாசியும் பார்னக்கிளும் அடர்ந்திருந்தன. பல கப்பல்களின் அடி செம்பே இல்லாத கப்பலின் அடிபோல் கிடந்தது. தலைவர்கள் கொதித்தெழுந்து எழுதினார்கள். 1825-இல் கடலோடும் கப்பல்களிலிருந்து காப்புத் துண்டுகளைக் கழற்றும்படி ஆணை பிறந்தது. செய்தித்தாள்கள் எள்ளி நகையாடின.

செம்பு ஏன் இத்தனை நாளும் கப்பலைத் துப்புரவாக வைத்திருந்தது என்ற கேள்வியை யாரும் கேட்காமல் விட்டதன் விளைவு இது. கரைகின்ற செம்பு நீரில் கலக்கும் நச்சுதான் ஒட்டவரும் உயிர்களை விரட்டுகிறது. தேய்மானம் என்று வாரியம் கணக்கெழுதி வருந்தியதுதான் செம்பின் முழுத் தொழிலும். டேவி தேய்மானத்தை நிறுத்தினார், தொழிலும் நின்றது. அவருடைய வேதியியலில் பிழையில்லை. அவரிடம் கேட்கப்பட்ட கேள்வியில் பிழை. நொந்த உள்ளத்தோடும் நலிந்த உடலோடும் ஐரோப்பாவில் அலைந்த அவர் 1829 மே 29 அன்று ஜெனீவாவில் காலமானார்.

பின்னர் நடந்தவற்றை விரைந்து சொல்லிவிடலாம். 1832-இல் பர்மிங்காமின் ஜார்ஜ் மண்ட்ஸ், அறுபது பங்கு செம்பும் நாற்பது பங்கு துத்தநாகமும் கலந்த மலிவான உலோகத்துக்குக் காப்புரிமை பெற்றார்; வணிகக் கப்பல்கள் அதற்கு மாறின. 1869-இல் தேயிலை சுமக்கக் கட்டிய கட்டி சார்க் கப்பல் உடுத்தியதும் அதுவே. கிரீனிச்சில் இன்று அந்தக் கப்பலைத் தரையிலிருந்து உயர்த்தி நிறுத்தியிருப்பதால், பார்வையாளர் அதன் அடியில் நின்று மினுங்கும் தகடுகளை அண்ணாந்து பார்க்கலாம். மாலுமிகளே அரிதாகக் கண்ட பகுதி அது. இரும்புக் கப்பல் வந்தபோது செம்புத்தகடு விலக நேர்ந்தது. இரும்பின்மேல் செம்பை நேராக அறைந்தால் என்னாகும் என்பதை அலார்ம் முன்பே காட்டியிருந்தது. செம்பு வண்ணப்பூச்சுக்குள் புகுந்தது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெள்ளீயச் சேர்மப் பூச்சு அதனை மிஞ்சியது. அது சிப்பிகளையும் நத்தைகளையும் சிதைத்ததைக் கண்டு, 2008-இல் நடைமுறைக்கு வந்த பன்னாட்டு உடன்படிக்கை அதைத் தடைசெய்தது. செம்புப் பூச்சு மீண்டும் முன்னுக்கு வந்தது.

உல்லாசப் படகொன்றைக் கரையேற்றி வைத்திருக்கும்போது சுற்றிவந்து பாருங்கள். மேலே வினைல் படலம், கீழே பெரும்பாலும் செம்பு கலந்த பூச்சு, பின்புறம் சுழல்விசிறியின் தண்டருகே உள்ளங்கையளவுத் துத்தநாகக் கட்டி. டேவி கப்பலுக்குப் பொருத்திய காப்புத் துண்டின் வழித்தோன்றல் அது. விசிறியையும் தண்டையும் காக்கத் தான் கரைகிறது. பாதி கரைந்ததும் கழற்றிவிட்டுப் புதிது பொருத்துவார்கள். படகு முழுவதையும் மூடிப் பூசுகிறவர்கள் அந்தக் கட்டியின் மேல் மட்டும் பூச்சு படாமல் பார்த்துக்கொள்வார்கள்.